வெளுத்ததெல்லாம் பாலா?

எண்ணெய் கறுத்தால் மாற்ற வேண்டும், கறுக்காத வரையில் அதைத் தொடவே வேண்டியதில்லை என்றொரு சித்தாந்தம் நம்மவர் மனத்தில் எப்படியோ வேரூன்றி, யாரும் கேள்வி கேட்கத் துணியாத வேதவாக்கியமாக வளர்ந்து நிற்கிறது. மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் வாலிபர் அதைச் சொல்கிறார். டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி அதைச் சொல்கிறார். பனியன் கம்பெனியில் ஒரு ஹால் நிறைய நிட்டிங் யந்திரங்களைக் கட்டி மேய்க்கும் மேஸ்திரியும் அதையே சொல்கிறார். இந்த விஷயத்தில் பாமரர், பண்டிதர் என்ற பேதமே கிடையாது. இத்தனை நாளும் பொறுத்திருந்த நான் இப்போது பேனாவை எடுப்பதற்குக் காரணம், சென்ற வாரம் மடத்துக்குளத்தில், உடுமலையிலிருந்து பழனிக்குப் போகும் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில், இந்தச் சித்தாந்தம் தன் மூடத்தனத்தின் சிகரத்தில் ஏறி நின்றதைக் கண்ணாரக் கண்டதுதான்.

நம் பக்கத்துக் குளமொன்றை மீன்பாசிக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒரு பெரியவர், பரிசல் தள்ளி அலுத்துப்போய், ராமேசுவரம் பக்கத்திலிருந்து பழைய அவுட்போர்டு யந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு சிறிய ஃபைபர் படகில் மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கியர் போட்டால் கடகடவென்று சத்தம் வருகிறதென்று அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்திருந்தார். பட்டறைக்காரத் தம்பி யந்திரத்தை ஒரு மரச்சட்டத்தில் செங்குத்தாக நிறுத்தி, கியர்கள் அடங்கிய கீழ்ப்பெட்டியின் அடியிலிருந்த திருகை மெல்ல நெகிழ்த்தினார். முதலில் சில சொட்டுத் தெளிந்த தண்ணீர் வந்தது. அதன் பின்னால், வெள்ளை வெளேரென்று, நுரையும் கொழகொழப்புமாக ஒரு திரவம் கிண்ணத்தில் இறங்கியது. சொந்தக்காரர் குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தார். "ஏனுங்க தம்பி, துளிகூடக் கறுக்கலீங்களே! பாலாட்டம் சுத்தமா இருக்குது. இதையே துணியில வடிகட்டி ஊத்திப் போடுங்க, புது ஆயிலுக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். தம்பி வாய் திறக்குமுன்னே, சுற்றி நின்ற நாலைந்து பேரும் பெரியவர் சொல்வது நியாயந்தானே என்று தலையாட்டினார்கள்.

அந்தத் திரவம் செத்த எண்ணெய். எண்ணெய் என்று பெயர் சொல்லி அழைப்பதற்குரிய குணம் எதுவும் அதில் எஞ்சியிருக்கவில்லை. அது கறுக்காமலே செத்தது. கறுக்கச் செய்யும் கரியே இல்லாத இடத்தில், வெளுத்தே செத்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வெகுளித்தனத்தைப் பழித்து நம் முன்னோர் ஒரு பழமொழியே செய்து வைத்திருக்க, அந்தப் பழமொழியை நித்தமும் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறவர்களே கிண்ணத்தில் வெளுத்திருந்ததைப் பாலென்று கொண்டாடினதைப் பார்த்தபோது எனக்கு உண்டான கோபம் இதை எழுதும்போதும் தணியவில்லை.

அந்தக் கீழ்ப்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்தவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஓலி எவின்ரூடு 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த யந்திரத்திலிருந்து, 1960-இல் யமஹா தன் முதல் அவுட்போர்டை வெளியிட்டதைக் கடந்து, இன்று நம் கடற்கரையில் ஓடும் யந்திரங்கள் வரையில், அடிப்படை அமைப்பு ஒன்றுதான். மேலே எஞ்சின், அதிலிருந்து நேர் கீழே இறங்கும் ஒரு தண்டு, அந்தத் தண்டின் நுனியில் பினியன் என்னும் சிறு பல்சக்கரம், அது சுழற்றும் பெவல் கியர், அந்தக் கியரிலிருந்து படுக்கைவாட்டில் பின்னோக்கிச் செல்லும் தண்டின் முனையில் புரொப்பெல்லர். பின்னால் வந்த யந்திரங்களில் முன்னே போக ஒரு கியரும் பின்னே போக ஒரு கியருமாக இரண்டு பெவல் கியர்கள், அவற்றுக்கு நடுவே இப்படியும் அப்படியும் நகர்ந்து பிடிக்கும் ஒரு கிளட்ச். இவ்வளவும் ஒரு மனிதனின் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடக்கூடிய பெட்டியில் அடைபட்டு, நாள் முழுதும் தண்ணீருக்கு அடியில் மூழ்கிக் கிடந்து, எஞ்சினின் சக்தி முழுவதையும் செங்குத்தாக வாங்கித் திசை திருப்பிக் கொடுக்கின்றன. இவற்றைக் காப்பாற்றுவதற்கு இருப்பது சில நூறு மில்லி லிட்டர் எண்ணெய். சிறு யந்திரங்களில் கால் லிட்டரை எட்டாததும் உண்டு. மேல் எஞ்சினில் குறை வந்தால் புகை காட்டும், இருமும், திணறும். கீழ்ப்பெட்டியோ தண்ணீருக்குள் இருக்கிறது. அதன் முனகல் யார் காதிலும் விழுவதில்லை. காதில் விழுகிற அளவுக்குச் சத்தம் வந்துவிட்டதென்றால், பற்கள் ஏற்கெனவே தேய்ந்து போயின என்று பொருள்.

இனி, கறுப்பின் விஷயத்துக்கு வருகிறேன். எஞ்சினுக்குள் எண்ணெய் கறுப்பது ஏன்? அங்கே நெருப்பு எரிகிறது. எரிந்ததன் கரி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெயில் இறங்குகிறது. அந்தக் கரியை உலோகத்தின்மேல் அப்பிக்கொள்ளவிடாமல் தன்னுள்ளே தாங்கிச் சுமப்பதற்கென்றே நல்ல எண்ணெயில் ரசாயனச் சரக்குகளைச் சேர்த்திருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் இன்று காலையில் ஊற்றின புது எண்ணெய் மாலைக்குள் கறுத்துப் போவதைப் பார்த்துக் கலவரப்படுகிறவர்களும், கறுக்காத எண்ணெயைப் பார்த்து மகிழ்கிறவர்களும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். கரியை ஏற்றுச் சுமக்கிற எண்ணெய் தன் கடமையைச் செய்கிற எண்ணெய். ஆக, எஞ்சினிலேயே கறுப்பு என்பது நம்பத் தகாத சாட்சி. கீழ்ப்பெட்டியிலோ நெருப்பில்லை, கரியில்லை, புகையில்லை. அங்கே எண்ணெய் கறுத்ததென்றால், பற்களின் உராய்வுச் சூட்டில் தீய்ந்து, கந்தக நெடி வீசி, பெரும்பாலும் கியர் நாசமாகத் தொடங்கின பிறகு கறுத்தது என்று அர்த்தம். எண்ணெய் கறுக்கட்டும், பிறகு மாற்றலாம் என்று காத்திருக்கிறவர் கியர் செத்துப் போகட்டும், பிறகு எண்ணெய் ஊற்றலாம் என்று காத்திருக்கிறவர். கிண்ணத்தில் இறங்கிய எண்ணெய் வெள்ளை. பெட்டிக்குள் இருந்த பினியனின் பற்களோ, நான் விரல் வைத்துத் தடவிப் பார்த்தபோது, ஓரமெல்லாம் பொரிந்து, முகமெல்லாம் அம்மைத் தழும்பு விழுந்து கிடந்தன.

இந்த வெண்மை எங்கிருந்து வந்தது? தண்ணீரிலிருந்து வந்தது. எண்ணெயும் தண்ணீரும் கலவா என்று பள்ளிக்கூடத்துப் பாடத்தில் படித்தவர்கள், நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுழலும் பல்சக்கரங்களுக்கு நடுவே இரண்டையும் போட்டு அடித்தால் என்ன ஆகும் என்பதைப் படிக்கவில்லை. அவை கலக்கும், நுண்ணிய திவலைகளாகத் தண்ணீர் எண்ணெய்க்குள் சிதறி, ஒளியைச் சிதறடித்து, வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரியும். யந்திரத்தை ஓட்டாமல் சில நாள் நிறுத்தி வைத்தால் கனமான தண்ணீரில் ஒரு பங்கு அடியில் தங்கிவிடும். அடித் திருகைத் திறந்தவுடன் எண்ணெய்க்கு முன்னதாகத் தெளிந்த தண்ணீர் வருவது அதனால்தான். பட்டறையில் வந்த அந்த முதற் சொட்டுகளைக் கண்டவர்கள் அத்தனை பேரும் பின்னால் வந்த வெள்ளையைப் பார்த்த சந்தோஷத்தில் அவற்றை மறந்தே போனார்கள்.

தண்ணீர் உள்ளே நுழைகிற வழியும் ஒரு ரகசியமல்ல. புரொப்பெல்லர்த் தண்டு பெட்டியைவிட்டு வெளியே வருகிற இடத்தில் ரப்பரால் ஆன ஆயில் சீல் இருக்கிறது. கடலிலும் குளத்திலும் கிழித்தெறிந்த வலைத்துண்டு, தங்கூசி நரம்பு இவை புரொப்பெல்லருக்குப் பின்னால் புகுந்து தண்டைச் சுற்றிக்கொண்டு, அந்தச் சீலின் உதட்டை அறுக்கின்றன. ஓட்டிச் சூடேறிய பெட்டி, எஞ்சினை நிறுத்தினதும் குளிர்ந்த நீரில் குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. சுருங்குகிற காற்று, அறுந்த சீலின் வழியே வெளியிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அடித் திருகுக்கும் மேல் திருகுக்கும் அடியிலிருக்கும் சின்ன வாஷரைப் பழசாகவே திரும்பப் போட்டு முறுக்கினாலும் இதே கதிதான். வாஷரின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலை. ஆகவே, வெள்ளையாக வந்த எண்ணெயை வடிகட்டி ஊற்றுவது மாத்திரமல்ல, சீலைப் பார்க்காமல் புது எண்ணெய் ஊற்றுவதும் வீண் காரியம். புரொப்பெல்லரைக் கழற்றி நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் துளையில் கைப்பம்பை மாட்டி, கையேடு குறித்த அளவுக்கு மேற்படாமல் காற்றேற்றி, பெட்டியைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி வருகிற இடத்தில் சீல் போயிற்று. தொழில் தெரிந்தவர்கள் செய்வது இது. சுற்றி நின்று தலையாட்டுகிறவர்களின் யோசனையைக் கேட்டு எந்தத் தொழிலாளியும் தன் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் கலந்தால் என்ன, எண்ணெய் பாதியாவது இருக்கிறதல்லவா, வழவழப்பாக இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். விரலுக்கு வழவழப்பாக இருப்பது பல்சக்கரத்துக்குப் போதாது. 1883-இல் பியூச்சாம்ப் டவர் என்னும் ஆங்கில இஞ்சினீயர் ரயில் வண்டிகளின் அச்சுத்தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் மேலே துளைத்திருந்த துவாரத்திலிருந்து எண்ணெய் மேல்நோக்கி ஊறி வெளியே வருவதைக் கண்டார். துவாரத்தை மரத் தக்கையால் அடைத்தார். தக்கையையும் எண்ணெய் வெளியே தள்ளியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கும் தாங்கிக்கும் இடையில் இழுத்துக்கொண்டு போய், அங்கே பெரும் அழுத்தத்தை உண்டாக்கி, அந்த அழுத்தத்தின்மேல் வண்டியின் பாரமே மிதக்கிறது என்ற உண்மை அதிலிருந்து வெளிப்பட்டது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் அதற்குக் கணித விளக்கம் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை யந்திர சாஸ்திரம் இந்த மிதப்பின்மேல்தான் நிற்கிறது. கியரின் பல்லும் பல்லும் சந்திக்கிற இடத்தில் அந்த எண்ணெய்ப் படலம் மிஞ்சிப்போனால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனமிருக்கும். அந்த அற்பமான கனத்திலும் அது கிழியாமல் நிற்பதற்குக் காரணம், நசுக்க நசுக்க எண்ணெய் பன்மடங்கு கெட்டிப்படுவதுதான். தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. நசுக்கினால் அது விலகி ஓடும். படலத்தில் தண்ணீர்த் திவலை வந்த இடத்தில் இரும்பை இரும்பு தொடும். போதாக்குறைக்கு, யந்திரம் நிற்கிற இரவெல்லாம் அந்தத் தண்ணீர் பேரிங்கின் உருளைகளில் துருவை விதைக்கும். கடலில் ஓடினதாயிருந்தால் உப்பும் சேர்ந்து அரிக்கும். அவுட்போர்டுக்கென்று செய்த எண்ணெயில், நுழைந்த சிறிதளவு தண்ணீரைச் சமாளித்துக்கொண்டு கரை சேரும்வரையில் காப்பாற்றுவதற்கான சரக்குகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்பது உண்மை. அது கரை சேருகிறவரையில் மட்டுமே. வெளுத்த பிறகும் மாதக்கணக்காக ஓட்டுவதற்கு அது அனுமதிச் சீட்டல்ல.

வெளுத்ததைக் கொண்டாடுகிற அதே கூட்டத்துக்கு இன்னொரு பக்தியும் உண்டு: எண்ணெய் கெட்டியாக இருந்தால் நல்லது, ஆகவே எந்தப் பெட்டிக்கும் 140 ஆயில் ஊற்றினால் போயிற்று என்பது. டிராக்டரின் பின் அச்சில் ஊற்றினது மீந்துபோயிருக்கிறது, அதையே இதிலும் விட்டால் என்ன என்பார்கள். நம்பரைப் பார்த்து மயங்குகிற இவர்கள், எஞ்சின் எண்ணெயின் பிசுக்கைக் குறிக்கும் எஸ்.ஏ.இ. நம்பரும் கியர் எண்ணெயின் எஸ்.ஏ.இ. நம்பரும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதையும், 90 என்று டப்பாவில் போட்ட கியர் எண்ணெயின் பிசுக்கு ஏறக்குறைய 40, 50 நம்பர் எஞ்சின் எண்ணெயின் பிசுக்குத்தான் என்பதையும் கேள்விப்பட்டதில்லை. யமஹாவின் பல அவுட்போர்டுகளுக்கு அதன் கையேடு கேட்பது எஸ்.ஏ.இ. 90 ஹைப்பாய்டு கியர் எண்ணெய். வேறு கம்பெனிகள் 80 டபிள்யூ-90 என்று கேட்பதும் உண்டு. இவற்றில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சரக்குகள், படலம் கிழிகிற நொடியில் இரும்பின்மேல் ஒரு காப்புப் பூச்சாகப் படிந்து பற்களைக் காப்பாற்றும்படி அளவறிந்து கலக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காப்பு எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்பதைக் குறிக்கவே ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தரங்கள் இருக்கின்றன. ஜிஎல்-5 உயர்ந்ததாயிற்றே, எங்கும் ஊற்றலாம் என்பதும் தவறு. பித்தளைப் பாகங்கள் உள்ள பெட்டிகளில் அந்தச் சரக்கின் மிகுதியே பித்தளையை அரிக்கக்கூடும். கையேடு எதைச் சொல்கிறதோ அதை ஊற்ற வேண்டும். 140 ஆயிலோ, அந்தச் சின்னப் பெட்டியின் ஊசி பேரிங்குகளுக்குள் எளிதில் புகாமல், சுழற்சியில் வீணே இழுபட்டுச் சூடேறி, சக்தியைத் தின்னும். கடையில் பேரலிலிருந்து லிட்டர் கணக்கில் அளந்து ஊற்றுகிற உதிரி எண்ணெயைப் பற்றிப் பேசவே எனக்கு மனமில்லை. அதன் பெயரும் தெரியாது, தரமும் தெரியாது; நிறம் மட்டும் பொன்னாக இருக்கும். நம்மவருக்கு அது போதும்.

கண்ணுக்குத் தெரிகிற நிறத்தை வைத்துச் சுத்தத்தைத் தீர்மானிக்கும் இந்தப் புத்தி, எண்ணெயோடு நின்றிருந்தால்கூட நான் ஓரளவு பொறுத்திருப்பேன். இதே புத்திதான் நம் திருப்பூர் வட்டாரத்தின் நொய்யல் ஆற்றையே அழித்தது. சாயக் கழிவு நீரிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டால் நீர் சுத்தமாகிவிட்டது என்று நம்பின காலம் ஒன்று இருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை நீக்கின. கரைந்திருந்த உப்பு அப்படியே நின்றது. உப்புக்கு நிறமில்லை, ஆகவே அது யார் கண்ணிலும் படவில்லை. அந்த உப்பு நொய்யலில் இறங்கி, 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரைப் பயிர் தொடக்கூடாத நீராக ஆக்கி, சுற்று வட்டாரத்துக் கிணறுகளையும் வயல்களையும் பாழ்படுத்தி, முடிவில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிடுகிற வரையில் கொண்டுபோய் விட்டது. தெளிந்த நீரில் உப்பிருக்கும், வெளுத்த எண்ணெயில் தண்ணீரிருக்கும் என்பது ஒரே பாடம். அதை ஒரு தலைமுறை முழுவதும் கண்ணெதிரே கண்ட ஜில்லாவில் பிறந்தவர்களே கிண்ணத்தின்முன் நின்று பாலாட்டம் என்கிறார்கள்.

பின்னலாடைக் கம்பெனிகளிலும் இதுவே நடக்கிறது. வட்ட நிட்டிங் யந்திரத்தின் ஊசிகளுக்கு விடுகிற எண்ணெய் நிறமற்றிருந்தால் நல்ல எண்ணெய் என்று எடுத்துக்கொண்டு, துவைத்தால் போகக்கூடியதா என்று விசாரிக்காமல் மலிவுச் சரக்கை வாங்கி விடுகிறார்கள். துணி யந்திரத்திலிருந்து இறங்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. சாயம் ஏறின பிறகுதான் ஊசி போன வழியெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறது. அப்போது சாயக்காரரைத் திட்டுகிறார்கள், நூல்காரரைத் திட்டுகிறார்கள். எண்ணெய் டப்பாவை மட்டும் ஒருவரும் திருப்பிப் படிப்பதில்லை.

சிக்கனம் என்ற பெயரால் இந்த அலட்சியத்துக்கு ஒரு மரியாதையும் கிடைத்துவிடுகிறது. எண்ணெய் மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய் ஆகும். இரண்டு பெவல் கியரும் பினியனும் பேரிங்கும் மாற்றுவதற்குப் பல்லாயிரம் ஆகும். 1966-இல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் பீட்டர் ஜோஸ்டின் குழு கொடுத்த அறிக்கை, உராய்வு, தேய்மானம், எண்ணெயிடல் இவற்றில் தக்க சிரத்தை காட்டினால் அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் ஆண்டுக்கு 51.5 கோடி பவுன் மிச்சமாகும் என்று கணக்கிட்டது. அது செல்வம் கொழித்த நாட்டின் கணக்கு. கடன் வாங்கி யந்திரம் வாங்குகிற நம் ஏழை மீனவருக்கு அந்தக் கணக்கு இன்னும் எவ்வளவு பொருந்தும் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

குளத்தில் கியர் உடைந்தால் பெரியவர் துடுப்புப் போட்டுக் கரை சேருவார். நஷ்டம் பணத்தோடு போகும். கன்னியாகுமரிக் கரையின் முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விடியுமுன்னே பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டு, கண்ணுக்கெட்டாத தூரம் கடலுக்குள் செல்கிற வள்ளத்தின் கதி என்ன? எஞ்சின் மேலே நன்றாக இரைந்துகொண்டிருக்கும், கீழே பல்லிழந்த பினியன் சும்மா சுற்றும், வள்ளம் நகராது. காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் அது ஒதுங்கிப் போகும். ராமேசுவரம் பக்கத்துப் படகுக்கோ, பாக் நீரிணையில் 1974-லும், மன்னார் வளைகுடாவில் 1976-லும் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் கடலில் இழுத்த எல்லைக்கோடு தண்ணீரின்மேல் தெரிவதில்லை. ஒதுங்கிப் போன படகு தானாக வந்ததா, வேண்டுமென்று வந்ததா என்று அந்தக் கோட்டுக்கு அப்பால் விசாரிக்கிறவர்களிடம் கீழ்ப்பெட்டியைக் கழற்றிக் காட்டவா முடியும்? 2004 டிசம்பர் 26-ஆம் தேதியின் ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரமெங்கும் ஃபைபர் படகுகளும் யந்திரங்களும் தானமாகவும் மானியமாகவும் வந்து குவிந்தன. கொடுத்தவர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். யந்திரத்தின் அடியில் ஒரு திருகும் மேலே ஒரு திருகும் இருக்கின்றன என்பதையும், அவற்றை எப்போது திறக்க வேண்டும் என்பதையும், வீடு வீடாகச் சென்று சொல்லிக்கொடுப்பதும் அந்தத் தானத்தின் ஒரு பகுதி என்று நினைத்தவர்கள் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம்.

சொல்லிக்கொடுப்பதற்கு இருப்பதோ அரை மணி நேர விஷயம். புது யந்திரமானால் அதன் கையேடு குறித்தபடி முதல் 10 அல்லது 20 மணி நேரம் ஓடினதும் எண்ணெயை மாற்ற வேண்டும். புதிய பற்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிர்கிற பொடி அதில் இருக்கும். அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அப்போது. கறுத்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓடின மணியும் கடந்த மாதமுந்தான் கணக்கு. யந்திரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, அடித் திருகை முதலில் திறந்து, பிறகு மேல் திருகையும் திறந்து, முழுவதும் வடியவிட வேண்டும். அடித் திருகின் நுனியில் காந்தம் வைத்திருந்தால் அதைத் துடைக்குமுன் பார்க்க வேண்டும்: மாவு போன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் சாதாரணத் தேய்மானம், கூரிய சில்லுகள் இருந்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டிய காலம். புது எண்ணெயை மேல் துளையில் ஊற்றவே கூடாது. மேலே ஊற்றினால் காற்று உள்ளே சிறைப்பட்டு, பெட்டி நிரம்பினதுபோல் பாவனை காட்டி, பாதி வெறுமையாக நிற்கும். அடித் துளையில் குழாய் நுனியைப் பொருத்தி, கீழிருந்து மேலாக, மேல் துளையில் குமிழியில்லாத எண்ணெய் வழிகிற வரையில் ஏற்ற வேண்டும். வழிந்தவுடன் மேல் திருகைப் புது வாஷரோடு முதலில் மூடி, பிறகு குழாயை எடுத்து அடித் திருகை விரைந்து மூட வேண்டும். இதற்குப் பட்டமும் வேண்டாம், பட்டணத்து இஞ்சினீயரும் வேண்டாம்.

வடித்த எண்ணெயை என்ன செய்கிறார்கள் என்பதை நினைத்தால் இன்னொரு வேதனை. மடத்துக்குளம் தாலுகாவில் கணியூர், சோழமாதேவி, கடத்தூர் ராஜவாய்க்கால்கள் அமராவதி ஆற்றிலிருந்து பிரிந்து நெல்லும் கரும்பும் விளைவிக்கின்றன. 1957-இல் அமராவதி அணையைக் கட்டி முடிப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னிருந்தே ஓடுகிற வாய்க்கால்கள் அவை. பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வகுத்திருக்கின்றன. அதைச் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும். சாலையோரத்துப் பட்டறைகளுக்கு முன்னாலுள்ள மண்ணைப் பாருங்கள். மழை பெய்தால் அதில் ஊறிய எண்ணெய் எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? வட்டாரத்துக்கு ஒரு சேகரிப்பு டிரம்மும், மாதத்துக்கு ஒருமுறை வந்து எடுத்துப் போகிற ஒரு வண்டியும் ஏற்பாடு செய்வது எந்த நிர்வாகத்துக்கும் பெரிய காரியமல்ல.

அதைவிட எளிதான இன்னொரு காரியம் இருக்கிறது. அவுட்போர்டு விற்கிற ஒவ்வொரு கடையும், பழுது பார்க்கிற ஒவ்வொரு பட்டறையும், எஞ்சின் மூடியின் உட்புறத்தில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். இன்ன தரத்து எண்ணெய், இத்தனை மில்லி லிட்டர், மாற்றின தேதி இது, அப்போது ஓடியிருந்த மணி இத்தனை, அடுத்து மாற்ற வேண்டிய தேதி இது என்று ஐந்து வரி, தண்ணீரில் அழியாத மையில், தமிழில். யந்திரத்தோடு ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் ஒன்று கொடுக்கிறார்கள். அது வாங்கின அன்றே பரணில் ஏறிவிடுகிறது. மூடியைத் திறக்கிறபோதெல்லாம் கண்ணில் படுகிற ஐந்து வரிச் சீட்டைப் பரணில் ஏற்ற முடியாது. பட்டறைக்காரத் தம்பியிடம் அன்றே இதைச் சொன்னேன். சீலை மாற்றி, புது வாஷர் போட்டு, 90 ஆயில் ஏற்றின பிறகு, அவர் ஒரு சீட்டை எழுதி ஒட்டினார். விற்பனைக் கடைகளும் கரையோரச் சங்கங்களும் இதைச் செய்யாமலிருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.